5 அடி 10 அங்குலம் இப்போதைக்கு வேண்டாம்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 29, எடை 72 கிலோ, சென்னையில் வேலை. ஒன்றரை வருஷமாகச் சனி, ஞாயிறுகளில் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் வாடகைக்குக் கிடைக்கும் மேல்பக்கம் மெத்தென்ற நுரை ஒட்டிய எட்டடி சாஃப்ட்-டாப் போர்டில் அலைச்சறுக்கு பழகுகிறார். உடையாத அலையைத் தானே பிடித்து எழுந்து நிற்க வருகிறது, வலப்பக்கமாகக் கொஞ்ச தூரம் ஓடவும் வருகிறது. டர்ன், அதாவது ஓடும்போதே போர்டைத் திருப்புவதுதான் வரவில்லை. அலையின் அடியில் திருப்பும் பாட்டம் டர்ன் போடப் போனால் நுரை வந்து பிடிக்கிறது, மேலே ஏறித் திருப்பினால் போர்டு நின்றுவிடுகிறது. இரண்டு மணி நேரம் தண்ணீரில் இருந்தால் எட்டு அலை கிடைக்கிறதாம். "பெரிய போர்டு என்பதால்தான் திரும்ப மாட்டேன் என்கிறது. 5 அடி 10 அங்குல ஷார்ட்போர்டு ஒன்று பழையது விலைக்கு வருகிறது, வாங்கிவிடட்டுமா? டர்னுக்கு என்ன பயிற்சி? ஜூலையில் இலங்கை அறுகம் குடாவுக்குப் போனால் பிரயோஜனம் உண்டா?"

வாங்காதீர்கள். காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது, அந்த எட்டு அலை.

ஒரு அலையில் நீங்கள் நிற்பது ஐந்து நொடி என்று வைத்துக்கொள்வோம். எட்டு அலைக்கு 40 நொடி. ஒன்றரை வருஷத்தில் மழை, புயல், ஆபீஸ், கல்யாண வீடு எல்லாம் போக 60 தடவை தண்ணீரில் இறங்கியிருந்தால் மொத்தம் 2,400 நொடி, அதாவது 40 நிமிஷம். வாழ்க்கையிலேயே மொத்தம் 40 நிமிஷம் ஸ்கூட்டர் ஓட்டிய ஒருவர் "வளைவில் சாய்த்து ஓட்ட வரவில்லை, வண்டியை மாற்றட்டுமா" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? இனி வாங்கும் போர்டு அந்த 40 நொடியை 80 ஆக்க வேண்டும். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் போர்டு அதைப் பத்தாகக் குறைத்துவிடும்.

இதை நான் புத்திசாலித்தனத்தால் சொல்லவில்லை. இந்தக் கரையில் பன்னிரண்டு வருஷமாகத் தண்ணீரில் கிடக்கிறேன், மொட்டைமாடியில் உடைந்த போர்டுகளை ஒட்டித் தருவது உபதொழில். உங்கள் நிலையில் இருந்தபோது நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். ஊரைவிட்டுக் கிளம்பும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் பாதி விலைக்குக் கொடுத்தார். மெல்லிசாக, கூர்மையாக, பார்க்கவே அழகு. ஏழு மாதம் அதன் மேல் உட்கார்ந்து இடுப்பளவு தண்ணீரில் அமிழ்ந்தபடி அடுத்தவர்கள் அலை பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தோற்றுப்போய் ஏழரை அடிக்குத் திரும்பியபோது எழுந்து நிற்பதே மறந்து போயிருந்தது.

போர்டின் மிதப்பை லிட்டரில் சொல்வார்கள். பழைய போர்டுகளில் லிட்டர் எழுதியிருக்காது. அடிப்பக்கம் நடுநெடுக ஓடும் மெல்லிய மரச்சட்டத்தை ஒட்டி நீளம், அகலம், தடிமன் மூன்றும் பென்சிலில் இருக்கும். நீங்கள் சொன்னது 5 அடி 10 அங்குலம், அகலம் 18¾ அங்குலம், தடிமன் 2⅜ அங்குலம். இப்படிப்பட்ட ஷார்ட்போர்டு கிட்டத்தட்ட 27 லிட்டர் வரும். உங்கள் 72 கிலோவுக்குக் கிலோ ஒன்றுக்கு 0.37 லிட்டர். இது போட்டியில் இறங்குகிறவர்கள் ஓட்டும் கணக்கு. வாரம் ஒருமுறை வருகிறவருக்கு, நம் கரையின் முழங்கால் முதல் மார்பு உயரம் வரையான மெத்தென்ற அலையில், கிலோவுக்கு 0.6 லிட்டருக்குக் கீழே இறங்குவது வீண் வேலை. அப்படியானால் 43 லிட்டருக்கு மேல். என்னைக் கேட்டால் 45 முதல் 50 வரை பாருங்கள். எட்டடி சாஃப்ட்-டாப் சுமார் 80 லிட்டர் இருக்கும் என்பதால் இதுவே உங்களுக்குப் பெரிய இறக்கம்தான்.

"மாமல்லபுரத்துப் பையன்கள் எல்லாம் 5 அடி 8-ல்தானே பறக்கிறார்கள்" என்பீர்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குச் சாம்பியன்ஷிப் அங்கேயே நடந்து, கர்நாடகத்தைச் சேர்ந்த ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கியதிலிருந்து இந்த ஆசை பலருக்கும் பிடித்திருக்கிறது. அந்தக் குப்பத்துப் பையன்கள் நடக்கப் பழகியதே அலைக்குள். 55, 60 கிலோ இருப்பார்கள், காலையும் மாலையும் தண்ணீரில் இருப்பார்கள். போர்டு தள்ளாததை அவர்களுடைய தோள் தள்ளும். அலை எந்த இடத்தில் நிமிரும் என்று நமக்குத் தெரிவதற்கு முன் அங்கே போய் உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, எதை வாங்குவது? 7 அடியிலிருந்து 7 அடி 4 அங்குலம் வரை, அகலம் 21 அங்குலத்துக்குக் குறையாத மினி-மால் அல்லது ஃபன்போர்டு, அதாவது லாங்போர்டுக்கும் ஷார்ட்போர்டுக்கும் நடுவிலான ரகம். 7 அடி 2, அகலம் 21, தடிமன் 2⅝ என்று ஒன்று கிடைத்தால் 45 லிட்டரை ஒட்டி வரும், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். அதில் அலை எண்ணிக்கை குறையாது, ஆனால் பின்காலைச் சரியான இடத்தில் வைத்தால் நிஜமாகவே திரும்பும். பத்து அலைக்கு முயன்றால் ஏழைப் பிடிக்கிறேன், ஒரே அலையில் இரண்டு டர்னைக் கோர்க்கிறேன் என்ற நிலை வந்த பிறகு 6 அடி 4, அகலம் 20½, 38 லிட்டர் பக்கம் இறங்கலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு இறக்கமும் ஐந்தாறு லிட்டருக்கு மேல் வேண்டாம்.

அளவு மட்டும் பார்த்தால் போதாது, போர்டின் வளைவையும் பாருங்கள். தரையில் வைத்துப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மூக்கும் வாலும் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று தெரியும். இதற்கு ராக்கர் என்று பெயர். ராக்கர் அதிகமுள்ள வாழைப்பழ வடிவம் செங்குத்தாக விழும் இந்தோனேசிய அலைக்கு உகந்தது. நம் கரையில் அது தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும், வேகம் வராது. தட்டையாக இருப்பதே நல்லது. ஓரம், அதாவது ரெயில், முன்பாதியில் உருண்டையாகவும் வால் பக்கம் கடைசி ஒன்றரை அடி மட்டும் விரலுக்குத் தட்டுப்படும் விளிம்போடும் இருக்கட்டும். வாலில் ஸ்குவாஷ், ரவுண்ட், பின்-டெயில் என்று ரகம் ரகமாகச் சொல்வார்கள். உங்கள் கட்டத்தில் அந்த வித்தியாசம் பேசிப் பொழுது போக்கத்தான் ஆகும்.

ஃபின், அதாவது போர்டின் அடியில் வால் பக்கம் நிற்கும் துடுப்பு விஷயம் அப்படியில்லை. வாடகை சாஃப்ட்-டாப்பின் ஃபின்கள் யாரையும் வெட்டிவிடக் கூடாது என்று ரப்பர் மாதிரி வளையும் பிளாஸ்டிக்கில் செய்தவை. டர்னில் நீங்கள் அழுத்தும்போது ஃபின் தண்ணீரைப் பிடித்து எதிர்த்து நிற்க வேண்டும், அது வளைந்து வழிவிட்டுவிடுகிறது. ஆக உங்கள் டர்ன் வராததில் நாலில் ஒரு பங்கு பழியை அதன் மேல் போட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் போடாதீர்கள்.

இன்று பெரும்பாலான போர்டுகளில் இருக்கும் மூன்று ஃபின் அமைப்பு ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் 1980-ல் கொண்டுவந்தது. அப்போது மார்க் ரிச்சர்ட்ஸ் இரட்டை ஃபின் போர்டில் உலகப் பட்டங்களைத் தொடர்ந்து வென்றுகொண்டிருந்தார். ஆண்டர்சனோ ஆறடிக்கு மேல் உயரம், கனத்த உடம்பு, பெரிய அலையில் இரட்டை ஃபின் அவருக்கு வழுக்கிக்கொண்டு போனது. நடுவில் ஒன்றைச் சேர்த்தார், 1981-ல் பெல்ஸ் பீச் போட்டியில் ராட்சத அலையில் ஜெயித்தார், அதற்குப் பிறகு எல்லாரும் மூன்றுக்கு மாறினார்கள். அழுத்தினால் பிடிக்கும், விட்டால் விடும் என்பதால் டர்ன் பழக அந்த அமைப்புக்கு ஈடில்லை. உங்கள் எடைக்கு மீடியம் அளவு சரி. ஃபின்னைச் செருகும் பெட்டிகளில் எஃப்சிஎஸ், ஃப்யூச்சர்ஸ் என்று இரண்டு வகை உண்டு. ஒன்றின் ஃபின் மற்றதில் நுழையாது, வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

மினி-மாலில் சிலசமயம் நடுவில் நீளமான ஒரு பெரிய ஃபின்னும் ஓரத்தில் இரண்டு சின்ன ஃபின்னும் இருக்கும். அந்த நடு ஃபின் நீண்ட பள்ளத்தில் முன்னும் பின்னும் நகரும். மூக்குப் பக்கம் ஒரு அங்குலம் நகர்த்தினால் போர்டு இளகித் திரும்பும், வால் பக்கம் தள்ளினால் நேராக, கெட்டியாக ஓடும். காசு செலவில்லாமல் போர்டை மாற்றுகிற வழி இது. பல வருஷமாக ஓட்டுகிறவர்களே திருகை ஒரு தடவைகூடத் தொட்டிருக்க மாட்டார்கள்.

பழைய போர்டு வாங்கும்போது வெயிலில் வைத்துப் பாருங்கள். கால் வைக்கும் இடத்தில் இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துங்கள். அப்பளம் மாதிரி உள்ளே போய்த் திரும்பி வந்தால் கண்ணாடியிழை நுரையை விட்டுப் பிரிந்துவிட்டது, வைத்துவிட்டு வாருங்கள். குதிகால் பட்ட சின்னச் சின்னக் குழிகள் பரவாயில்லை, எல்லாப் போர்டிலும் விழும். குறுக்காக அகலம் முழுக்க ஓடும் ஒரு மெல்லிய மடிப்புக் கோடு தெரிந்தால் அது ஏற்கெனவே ஒருமுறை பாதி ஒடிந்தது. ஃபின் பெட்டியைச் சுற்றி முடிக்கோடு போல விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். கடைசியாக, விரிசல் உள்ள பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்துவிட்டு விற்பவரோடு ஒரு டீ குடியுங்கள். திரும்பி வரும்போது அந்த இடத்தில் ஒரு சொட்டு நீர் கோத்திருந்தால் உள்ளே கடல் இருக்கிறது.

போர்டு பொதுவாக இரண்டு ஜாதி. ஒன்று பாலியூரித்தேன் நுரையும் பாலியெஸ்டர் ரெசினும். கொஞ்சம் கனம், காற்றடிக்கும் தண்ணீரில் அலைக்கழியாமல் உட்காரும், பழுது பார்ப்பது சுலபம். மற்றது இபிஎஸ் என்னும் தெர்மாகோல் வகை நுரையும் எபாக்சியும். லேசு, மிதப்பு அதிகம், மேல் ஓடு கெட்டி, ஆனால் துளை விழுந்தால் தண்ணீரை உறிஞ்சும். நம் கரைக்கு எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: எபாக்சி போர்டின் ஓட்டையில் பாலியெஸ்டர் ரெசின் ஊற்றாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நண்பனுடைய போர்டில் நான் ஊற்றினேன். எலுமிச்சம்பழ அளவு ஓட்டை, கண் முன்னாலேயே நுரை கரைந்து, தேங்காய் மூடி அளவுக்குக் குழியாகிவிட்டது. அவன் இன்னும் அதை மறக்கவில்லை.

மற்ற சாமான்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். காலையும் போர்டையும் இணைக்கும் கயிறான லீஷ், போர்டின் நீளத்துக்குச் சமமாக, உங்களுக்கு ஏழடி, 7 மில்லிமீட்டர் தடிமன். கால் வழுக்காமல் போர்டில் தேய்க்கும் வாக்ஸ் வாங்கும்போது டிராப்பிகல் என்று கேளுங்கள். குளிர்நாட்டு வாக்ஸ் நம் தண்ணீரில் வெண்ணெய் மாதிரி ஓடிவிடும். ஈசிஆரில் மதிய வெயிலில் போர்டைக் காருக்குள் பூட்டிவிட்டுப் பரோட்டா சாப்பிடப் போகாதீர்கள், ஓடு பிரிவது பெரும்பாலும் அப்படித்தான். முழுக்கை லைக்ரா ஒன்று, வெயிலுக்கு முகத்தில் பூச ஜிங்க். இவ்வளவுதான்.

இனி டர்ன்.

உங்கள் பாட்டம் டர்னில் நடப்பதைப் பார்க்காமலேயே சொல்கிறேன். அலை தூக்கியதும் கரையைப் பார்த்து நேராக இறங்குகிறீர்கள். கீழே தட்டைத் தண்ணீருக்கு வந்ததும் "இப்போது திருப்பு" என்று ஞாபகம் வருகிறது. அதற்குள் இறங்கிய வேகம் பாதி செத்துவிட்டது, பின்னால் அலை உடைந்து நுரை வந்துவிடுகிறது. பத்தடி அலையில் அப்படி அடிவரை இறங்கித் திரும்ப இடமும் வேகமும் உண்டு. நம் மூன்றடி அலையில் அடி என்பது இரண்டு எட்டுத் தூரம்.

ஆகவே டர்ன் எழுந்து நிற்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். கையால் துழாவும் பேடிலின் கடைசி இரண்டு வீச்சில் தலையை வலப்பக்கம் திருப்பி அலையின் தோளை, அதாவது இன்னும் உடையாமல் நீளும் பக்கத்தைப் பாருங்கள். இடது கை வீச்சைக் கொஞ்சம் பலமாக இழுத்தால் மூக்கு தானாக வலது பக்கம் சாயும். எழும்போதே போர்டு சாய்வாக இருக்கும், இறங்குகிற வேகம் முன்னோக்கிய ஓட்டமாக மாறிவிடும். ஒரு மாதம் இதைத் தவிர வேறெதையும் செய்யாதீர்கள். வெள்ளை நுரை உங்களைப் பிடிப்பது பாதியாகக் குறைந்துவிடும்.

வலப்பக்கம் என்றே ஏன் சொல்கிறேன் என்றால், கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் நமக்கு ஸ்வெல், அதாவது தூரத்திலிருந்து உருண்டு வரும் அலைவரிசை, தெற்கிலிருந்து வருகிறது. கரை கிழக்கு பார்த்தது. அலைமேல் கரையைப் பார்த்து நின்றால் வடக்கு உங்கள் வலக்கைப் பக்கம், அலை அந்தப் பக்கமாகத்தான் உரிந்துகொண்டு போகும். கோவளம் பாயிண்ட், கடற்கரைக் கோயில் பக்கம் எல்லாம் அப்படியே. இடது காலை முன்னால் வைப்பவருக்கு இது வரம், அலையை முகம் பார்த்து ஓட்டலாம். வலது கால் முன்னால் வைப்பவர் முதுகைக் காட்டிக்கொண்டு பழக வேண்டும். அவருக்கு நான் கீழே சொல்லும் குதிகால், விரல்நுனிக் கணக்கெல்லாம் தலைகீழ். நீங்கள் இடது கால்காரர் என்று வைத்து எழுதுகிறேன்.

அடுத்த கட்டம் மேலும் கீழுமாக ஓடுவது. அலையின் மேல் மூன்றில் ஒரு பங்கில்தான் தண்ணீர் மேலே ஏறிக்கொண்டிருக்கும், தள்ளுவிசை அங்கேதான் இருக்கிறது. அங்கே போய் நின்று, முழங்காலை மடக்கிப் பாதிவரை இறங்கி, நிமிர்ந்து மறுபடி ஏறுங்கள். ஒரே அலையில் இரண்டு தடவை செய்ய முடிந்தால் உங்களிடம் வேகம் இருக்கிறது என்று அர்த்தம். வேகம் இல்லாமல் போடும் டர்ன் எல்லாம் பிரேக்தான்.

பிறகுதான் பாட்டம் டர்ன். மடங்க வேண்டியது முழங்காலும் கணுக்காலும், இடுப்பு இல்லை. பலர் கால்களை அகட்டி, இரண்டு முட்டியும் வெளியே பார்க்க, வயல் வரப்பில் குந்தியது போல உட்கார்வார்கள். அதற்கு ஆங்கிலத்தில் அலைக்காரர்கள் வைத்திருக்கும் பெயரைச் சபையில் சொல்ல முடியாது. பின்முட்டியை உள்பக்கமாக, முன்முட்டியை நோக்கிக் கொண்டுவாருங்கள். எடை விரல்நுனிப் பக்கம் போகட்டும். பின் கை, உங்களுக்கு வலது கை, தண்ணீரைத் தொடட்டும். எட்டவில்லை என்றால் இன்னும் மடங்கவில்லை. முன் கை போகவேண்டிய இடத்தைக் காட்டட்டும், கண் அதற்கு முன்பே அங்கே போயிருக்கட்டும்.

இந்தக் கண் விஷயத்தில் நான் ரொம்ப நாள் ஏமாந்தேன். பார்க்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை குப்பத்துப் பையன் ஒருவன், பதினைந்து வயதிருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து என் நாலு அலையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, போர்டு எங்கயும் போவாது, காலுக்குக் கீழதான் இருக்கும். நீங்க அலையப் பாருங்க." அடுத்த அலையில் அலையின் உதடு, அதாவது மேல்விளிம்பு, சுருளும் அந்த ஒரே இடத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டேன். தலை திரும்பியதும் தோள் திரும்பியது, தோளோடு இடுப்பு, இடுப்போடு முட்டி, கடைசியில் ரெயில் தண்ணீரைக் கடித்தது. நான் எதையும் திருப்பவில்லை. கரையேறி அவனுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது உங்கள் இரண்டாவது புகார், மேலே போனதும் நின்றுவிடுவது. மூன்று காரணம் இருக்கலாம். முதலாவது, பின்கால் வைக்கும் இடம். சாஃப்ட்-டாப்பில் பழகியவர்கள் நடுவில் நிற்பார்கள், அங்கிருந்து எவ்வளவு மிதித்தாலும் அது திரும்பாது. பின்கால் ஃபின்னுக்கு நேர் மேலே போக வேண்டும். பெரிய போர்டில் அதற்கு அரை எட்டுப் பின்னால் தேய்த்து நகர வேண்டியிருக்கும், டர்ன் முடிந்ததும் திரும்ப முன்னால் வர வேண்டும். இரண்டாவது, பின்காலால் மட்டும் மிதிப்பது. வால் அமிழும், மூக்கு தூக்கும், நின்றுவிடும். போர்டைப் பக்கவாட்டில் சாய்த்து ரெயிலின் மேல் ஏற வேண்டும், மிதி அதற்கு அப்புறம்.

மூன்றாவதுதான் நம் கரைக்கே உரியது, அதிகம் பேர் கவனிக்காதது. நம் அலை தோள் பக்கம் போகப்போகக் கொழுத்துச் சரிவு இல்லாமல் போகும். நீங்கள் சாய்வாக எழுந்து வேகமாக ஓட ஆரம்பித்ததும் அலையின் பலமான இடத்தைத் தாண்டி அந்தக் கொழுத்த இடத்துக்கு வந்துவிடுவீர்கள். அங்கே யார் திருப்பினாலும் நிற்கும். சரிவு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே நுரையை நோக்கித் திரும்பிவிட வேண்டும். அதுதான் கட்பேக். மாமல்லபுரத்தில் ஒரே ஒரு டர்ன்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். மேலே போய் உதட்டை அடித்துத் தண்ணீர் தெறிக்கவிடுவது படத்துக்கு நன்றாக இருக்கும், அலையில் இன்னும் ஐந்து நொடி வாங்கித் தருவது கட்பேக்.

அதைப் போடுவது இப்படி. பாதி உயரத்திலிருந்து தோளை நோக்கி ஏறுங்கள். முகட்டுக்குப் போகாதீர்கள், மூன்றில் இரண்டு பங்கு உயரம் போதும். அங்கே முன் கையை, உங்களுக்கு இடது கையை, பின்பக்கமாகத் திறந்து நுரையைச் சுட்டிக் காட்டுங்கள். தலை இடது தோளுக்கு மேலாகத் திரும்பி நுரையைப் பார்க்கட்டும். எடை குதிகாலில். முதுகுக்குப் பின்னால் ஒரு முக்காலி இருக்கிறது, அதில் உட்காரப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு உட்காருங்கள். அப்புறம், இதுதான் கஷ்டம், பொறுங்கள். பாதி திரும்பியதும் பயந்து நிமிர்ந்துவிடுவோம், போர்டு கரையைப் பார்த்து நேராக ஓடிவிடும். நுரையை முகத்துக்கு முகம் பார்க்கும் வரை உட்கார்ந்தே இருங்கள். எனக்கு இந்தப் பொறுமை வர ஒரு முழு வருஷம் ஆனது.

சரிவுள்ள இடம் வேண்டுமென்றால் சரியான இடத்தில் காத்திருக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும், மீனவர்கள் தெண்டி என்பார்கள். பேச்சு சுவாரசியத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் ஐம்பது மீட்டர் வடக்கே போயிருப்பீர்கள், அதாவது கொழுத்த தோளுக்கு. கரையில் இரண்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நான் கோயில் விமானத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் ஒரு மரத்தையும் ஒரே கோட்டில் வைத்துக்கொள்வேன். மரம் விலகிவிட்டால் திரும்ப பேடில் பண்ண வேண்டியதுதான். விடிந்ததும் இறங்கிவிடுங்கள். தரையிலிருந்து மேல்காற்று அடிக்கும்வரை அலை முகம் மழமழவென்று இருக்கும், கடற்காற்று திரும்பிவிட்டால் டர்ன் பழகுவதற்கு எதுவும் மிஞ்சாது. ஃபைபர் படகு கரைக்கு வரும் நேரமும் அதுதான். வழி மீனவர்களுடையது, அலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

வார நாட்களில் சர்ஃப்ஸ்கேட் உதவும். முன் சக்கரம் சுழன்று வளையும் ஸ்கேட்போர்டு அது. உங்கள் அபார்ட்மெண்டில் கார்கள் வெளியே போன பிறகு பார்க்கிங்கில் இரண்டு செருப்பைப் பத்தடி இடைவெளியில் போட்டு, ஒன்றைச் சுற்றி மற்றொன்றுக்குப் போங்கள். காலால் உந்தாமல் முட்டியை மடக்கி நிமிர்த்தியே வேகம் எடுக்க முயலுங்கள். சுற்றுகிற செருப்பைப் பார்க்காமல் அடுத்த செருப்பைப் பாருங்கள். ஹெல்மெட் போடுங்கள், சிமெண்ட் தரைக்குக் கருணை கிடையாது. வாரம் மூன்று நாள் 20 நிமிஷம் போட்டால், தண்ணீரில் ஒன்றரை வருஷத்தில் கிடைத்த டர்ன் நேரம் ஒரே வாரத்தில் கிடைத்துவிடும். ஒரே குறை, அங்கே கையை ஆட்டியே திருப்பப் பழகிவிடலாம். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சில சுற்றுப் போங்கள், முட்டி வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

யாரையாவது கரையிலிருந்து போனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். நன்றாக ஓடிய அலைகளை விட்டுவிட்டு விழுந்தவற்றைப் பாருங்கள். விழுவதற்கு ஒரு நொடி முன் உங்கள் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

அறுகம் குடாவுக்குத் தாராளமாகப் போங்கள், ஜூலை அங்கே நல்ல பருவம். அதுவும் கிழக்குக் கரை, அதே தெற்கு ஸ்வெல், அதே வலப்பக்க அலை. வித்தியாசம், முனைகளைச் சுற்றி நீளமாக உரிந்துகொண்டு ஓடும். இங்கே ஐந்து நொடி கிடைத்தால் அங்கே நல்ல நாளில் இருபது கிடைக்கும், ஒரே அலையில் மூன்று கட்பேக் தப்புப் பண்ணித் திருத்திக்கொள்ளலாம். மெயின் பாயிண்டில் கூட்டமும் பவளப்பாறையும் உண்டு, முதல் இரண்டு நாள் அங்கே போகாதீர்கள். விஸ்கி பாயிண்ட், பீனட் ஃபார்ம் இரண்டும் உங்களுக்குத் தோதானவை. பக்கத்திலுள்ள பொத்துவில் பெரும்பாலும் தமிழ் பேசும் ஊர், கூரையில் போர்டு கட்டும் ஆட்டோக்காரரிடமே இன்று எந்த முனை வேலை செய்கிறது என்று கேட்டுக்கொள்ளலாம். கொழும்பிலிருந்து சாலையில் ஏழெட்டு மணி நேரம் ஆகும் என்பதால் குறைந்தது ஒரு வாரம் லீவு போடுங்கள்.

போர்டு எடுத்துப் போவதானால் ஃபின்னைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், திருகுச் சாவியைக் கைப்பையில் வைக்காமல் போர்டுப் பைக்குள்ளேயே கட்டிவிடுங்கள். நான் முதல் தடவை அதைச் சென்னையில் சாப்பாட்டு மேஜைமேல் விட்டுவிட்டு, பொத்துவில்லில் ஒரு சைக்கிள் கடைக்காரர் அவர் டப்பாவில் துழாவிக் கொடுத்த சாவியால்தான் ஃபின் மாட்டினேன்.